நான் பாதித் தலைவனாக இருந்த காலம்

"உங்களுக்குப் பார்லிமென்ற் இருக்கோ?"

வேலைத்தலத்துச் சாப்பாட்டு அறையில் என் எதிரே வந்து உட்கார்ந்த மனிதர் முதன்முதலில் கேட்ட கேள்வி இது. பிள்ளைகள் இருக்கோ என்று விசாரிப்பதுபோல மிகச் சாதாரணமாகக் கேட்டார். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில், விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் அவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தடித்த மீசை, அதைவிடத் தடித்த புருவம். நான் இலங்கைத் தமிழன் என்றேன். தான் குர்து இனத்தவர், ஈராக்கின் வடக்கே சுலைமானியா நகரத்துக்காரர் என்றார். அடுத்ததாக இந்தக் கேள்வி.

"இல்லை. ஒரு மாகாண சபை இருந்தது," என்றேன்.

"பொலிஸ் உங்களிட்டயோ?"

"இல்லை."

"காணி அதிகாரம்?"

"அதுவும் இல்லை."

"அப்ப என்னதான் இருந்தது?"

கொஞ்சம் யோசித்தேன். "கட்டடம் இருந்தது," என்றேன்.

அவர் வாயிலிருந்த தேநீர் மேசையெல்லாம் தெறித்தது. அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு ஓட்டை என்பதால் இருவருக்கும் கூச்சம் இருக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகத்தில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கிழமையே இன்னொன்றும் தெரியவந்தது. அவரும் மனைவியும் ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் பில்டிங்கிலேயே, எங்களுக்கு மேலே ஒன்பதாம் மாடியில் குடியிருந்தார்கள். எலிவேட்டருக்குள் எத்தனையோ தடவை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கிப் போயிருக்கிறோம். அதற்குப் பிறகு இருவரும் என் காரில் சேர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கினோம். 401 நெடுஞ்சாலையில் காலை நெரிசலுக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும் இரண்டு ஆண்களுக்கு அரசியலை விட்டால் பேச வேறென்ன இருக்கிறது?

அவர் என்னைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார். கார் நிறுத்துமிடத்தில் அதைக் கேட்ட என் மனைவி, "அந்தாள் உங்களைக் காகம் எண்டு கூப்பிடுறார், நீங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறியள்," என்றாள். அவருடைய மொழியில் அது அண்ணன். எங்கள் நாட்டு முஸ்லிம்களும் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று அவரிடம் சொன்னேன். தன் மொழிக்கு எங்கள் தீவில் ஒரு கிளை திறந்ததுபோல மனிதர் பூரித்துப்போனார்.

தன் முதல் வாக்கைப் பற்றி அவர் சொன்னதும் காருக்குள்தான். பாக்தாத்தின் படைகள் விலகிப்போன பிறகு, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, அவர்களுடைய பிரதேசத்துக்கு அவர்களே நடத்திய முதல் தேர்தல். அவர் அப்போது இளந்தாரி.

"தேர்தல் எண்டால் எங்களுக்கு ஒரு கலியாண வீடு, காக்கா. அம்மா நல்ல உடுப்பு, நகை எல்லாம் எடுத்து வச்சிட்டா. கடைசி நேரத்தில சொல்லுறாங்கள், தள்ளிப்போட்டிருக்கு எண்டு. ஏன் தெரியுமோ? விரலில பூசுற மை! வெளிநாட்டில இருந்து வந்த மை. கழுவினால் போகுது!"

"பிறகு?"

"பிறகென்ன, வேற மை பிடிச்சு வைச்சாங்கள். அம்மா திரும்பவும் அதே உடுப்பு, அதே நகை. பின்னேரம் வரைக்கும் வரிசையில நிண்டம். நான் அந்த விரலைக் காட்டாத ஆள் எங்கட தெருவில இல்லை."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைக்கு நேரே அந்த விரலை நீட்டிக் காட்டினார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதில் மை இருப்பதுபோலத்தான் நீட்டினார்.

அந்தத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் கிட்டத்தட்டச் சரிசமமாக வந்தனவாம். சபையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு கட்சிக்காரர் மந்திரி என்றால் மற்றக் கட்சிக்காரர் துணை மந்திரி. "ஒருத்தன் கையெழுத்து வைச்சால் மற்றவன் பேனையை ஒளிப்பான்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கொஞ்ச வருசத்தில ரெண்டு பகுதியும் சுடுபடத் தொடங்கிச்சினம். எங்கட வீட்டு ஜன்னலை உடைச்சது பாக்தாத் இல்லை, காக்கா. எங்கட ஆக்கள்தான்."

இதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் இயக்கங்கள் தங்களுக்குள் சுடுபட்டபோது உடைந்த ஜன்னல்கள் சிலவற்றின் கதையும் எனக்குத் தெரியும். வானொலியைப் போட்டேன். அன்று வேலைத்தலம் வரும்வரை போக்குவரத்துச் செய்தி கேட்டுக்கொண்டு போனோம்.

பிறகு அவர்கள் சமாதானமானார்கள். ஈராக்கின் புதிய யாப்பு அவர்களுடைய பிரதேசத்தைச் சமஷ்டி அலகு, அதாவது கூட்டாட்சியின் ஓர் உறுப்பு, என்று ஏற்றுக்கொண்டது. சமஷ்டி என்ற சொல்லை நான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் முன்பே வீட்டில் கேட்டு வளர்ந்தவன். அதற்குள் உண்மையிலேயே வாழ்ந்துவிட்டு வந்த ஒரு மனிதரைச் சந்தித்தது அப்போதுதான். எப்படி இருந்தது என்று ஆவலோடு கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்தது," என்றார். "கரண்ட் அடிக்கடி போகும்."

அவருடைய மனைவி எல்லைக்கு மற்றப் பக்கம், சிரியாவின் வடகிழக்கில் கமிஷ்லியைச் சேர்ந்தவள். இருவரும் சந்தித்தது ரொறன்ரோவில், புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பில். இருவருக்கும் தாய்மொழி குர்திஷ்தான். ஆனால் அவருடையது சொரானி, அவளுடையது குர்மாஞ்சி. எழுத்தும் வேறு, பேச்சும் வேறு. காதலிக்கப் பாதி விளங்கினால் போதுமாக இருந்தது என்றாள் அவள். சண்டை பிடிக்க அது போதாது. ஆகவே சண்டை என்றால் இருவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அதனால்தான் எங்களாலும் அவற்றைப் பின்தொடர முடிந்தது.

சனிக்கிழமை பின்னேரங்களில் நானும் மனைவியும் அவர்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போவோம். கறுத்தத் தேநீர், சின்னக் கண்ணாடிக் குவளை, கூடவே ஒரு விவாதம்.

"இவைக்குப் பார்லிமென்ற் இருக்கு, பிரதம மந்திரி இருக்கிறார், விமான நிலையம் இருக்கு," என்று நண்பரின் மனைவி தொடங்குவாள். "தெருவில குப்பை அள்ளாட்டி ஆரிட்டக் கேக்கிறது எண்டு மட்டும் இவருக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது? கட்சிக்காரனிட்டக் கேக்கிறது."

"அதைத்தான் சொல்லுறன்."

சிரிய ராணுவம் தங்கள் பகுதியிலிருந்து விலகிய பிறகு அவளுடைய ஊர்க்காரர்கள் வேறு வழியில் போனவர்கள். தெருத் தெருவாகக் கூட்டம். அதற்குக் கொம்யூன் என்று பெயர். பாணுக்கு மா, ஜெனரேற்றருக்கு டீசல், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் அங்கேதான் தீரும். தெருக்கள் சேர்ந்து வட்டாரம், வட்டாரங்கள் சேர்ந்து நகரம். எந்தப் பதவிக்கும் இரண்டு பேர்: ஒரு பெண், ஒரு ஆண். அவள் தன் தெருவுக்கு இணைத்தலைவியாக இருந்தவள். மற்ற இணைத்தலைவர் ஒரு வயதான பேக்கரிக்காரர். ஆரம்பத்தில் ஒரு பெண்ணோடு சபையில் பேசுவது மரியாதையில்லை என்று சுவரைப் பார்த்துப் பேசுவாராம். "பிறகு என்னைக் கேக்காமல் பாணுக்கு உப்புக்கூடப் போடமாட்டார்," என்றாள்.

"உங்கட ஆட்சியை உலகத்தில ஒரு நாடும் ஏற்கேல்லையே," என்பார் கணவர்.

"உங்கட வாக்கெடுப்பை ஆர் ஏற்றது?"

அவருடைய பக்கத்துக் குர்துகள் தனிநாட்டுக்காக ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் வாக்கை அள்ளிக் கொட்டினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலும் ஒரு பெரிய துண்டு கைவிட்டுப் போயிற்று. அதைச் சொன்னால் அவர் தேநீரைக் குடிக்கத் தொடங்கிவிடுவார். ஒருகாலத்தில் நானும் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்து வாசலில் குளிருக்குள் நின்று அப்படியொரு வாக்கைப் போட்டவன்தான். ஆகவே நானும் குடிப்பேன்.

அவளுடைய ஊருக்கு அருகே ரயில் பாதையைத் தாண்டினால் துருக்கி. அங்கேயும் சொந்தக்காரர்கள். அவர்கள் மேயரைத் தெரிவுசெய்வார்கள், அரசாங்கம் அவரைத் தூக்கிவிட்டுத் தன் ஆளை வைக்கும், அடுத்த தேர்தலில் திரும்பவும் அதே கட்சிக்கே போடுவார்கள். "நாலு நாட்டில பிரிஞ்சிருக்கிறதில ஒரு வசதி," என்பாள் அவள். "ஒரு சண்டை அலுத்தால் மற்றதுக்குப் போகலாம்."

இந்த நிலையில்தான் எங்கள் பில்டிங் கைமாறியது. புதிய கொம்பனி ஒரு புதிய மனேஜரை அனுப்பியது. மரியாதையான இளைஞர்தான். வந்து சில நாளில் எலிவேட்டருக்குள் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது: கீழ்த்தளத்துப் பார்ட்டி ரூம் மூடப்படுகிறது, அங்கே வாடகைக்குச் சாமான் வைக்கும் கூண்டுகள் வரப்போகின்றன.

அந்த அறை அழகானதல்ல. கூரை தாழ்வு, விளக்கு மங்கல், எப்போதும் யாரோ சமைத்த பழைய வாசம். ஆனால் எங்கள் பில்டிங்கின் பிறந்தநாள்கள், வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகள், பிலிப்பினோக்காரரின் பாட்டுக் கச்சேரி, மன்னார் அன்ரி ஒருவர் நடத்தும் செபமாலை எல்லாமே அங்கேதான். அடுத்த ஞாயிறு எல்லோரும் வாசல் கூடத்தில் கூடிச் சத்தம் போட்டோம். பத்து மொழியில் ஆத்திரம். ஒருவர் வழக்குப் போடுவோம் என்றார், ஒருவர் தொலைக்காட்சியைக் கூப்பிடுவோம் என்றார்.

அப்போது நண்பரின் மனைவி எழுந்து நின்றாள். "இப்பிடிக் கத்தினால் நாளைக்கு மறந்துபோவம்," என்றாள். "முதல்ல மாடி மாடியாய்க் கூடுவம். ஒவ்வொரு மாடியும் ஒரு பெண்ணையும் ஒரு ஆணையும் அனுப்பட்டும். அவை சேர்ந்து ரெண்டு இணைத்தலைவரை எடுக்கட்டும்."

சிலர் சிரித்தார்கள். ஆனால் அதைவிடத் திட்டமான யோசனை எவரிடமும் இல்லை. நம்பினால் நம்புங்கள், பனி கொட்டத் தொடங்குவதற்குள் எல்லா மாடிகளும் கூடிவிட்டன. பெண் இணைத்தலைவியாக அவளைத் தெரிவுசெய்வதில் விவாதமே இருக்கவில்லை. ஆண் யார் என்றபோது என் மனைவி என் கையைப் பிடித்து உயர்த்தினாள். "இவர் பின்னேரங்களில சும்மாதான் இருக்கிறார்," என்றாள்.

நான் மறுத்துப் பார்த்தேன். பழைய மாணவர் சங்கமொன்றில் நான் இருந்ததையும், அது இரண்டாக உடைந்து இப்போது வருடத்துக்கு இரண்டு இராப்போசன விருந்து, இரண்டிலும் அதே கொத்துரொட்டி என்பதையும் சொன்னேன்.

"அனுபவசாலி," என்றார் நண்பர்.

அவருக்கு உள்ளூர ஒரு மனத்தாங்கல். கட்சி இல்லாத தேர்தல் ஒரு தேர்தலா என்று கேட்டார். பதில் கிடைக்காததால் தன்னைத்தானே எதிர்க்கட்சியாக நியமித்துக்கொண்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையை உயர்த்தி, சொந்த மனைவியை "கனம் இணைத்தலைவி அவர்களே" என்று விளித்துக் கேள்வி கேட்பார். வீட்டில் கேட்க முடியாத கேள்விகளையும் அங்கே கேட்டார் என்று எனக்கொரு சந்தேகம்.

ஒருநாள் மனேஜர் என்னைக் கார் நிறுத்துமிடத்தில் தனியாகப் பிடித்தார். நான் நியாயமான மனிதனாகத் தெரிகிறேனாம். அறையை மூடவில்லை, அப்படியே விடுகிறோம் என்றார். ஆனால் கதவுத் திறப்பு, அதாவது சாவி, தன் அலுவலகத்தில் இருக்கும். வேண்டியவர்கள் வந்து கேட்கலாம். பொருத்தமாக இருந்தால் தருவார். கையை நீட்டினார்.

நான் மட்டும் தலைவனாக இருந்திருந்தால் அந்தக் கையைக் குலுக்கியிருப்பேன். அறை கிடைத்துவிட்டதே! ஆனால் நான் பாதிதான். "என்ர மற்றப் பாதி ஒன்பதாம் மாடியில இருக்கு," என்று சொல்லிவிட்டு எலிவேட்டரில் ஏறினேன்.

"திறப்பு ஆரிட்ட?" என்றாள் அவள்.

"அவரிட்ட."

குவளையைக் கீழே வைத்தாள். "அப்ப அறையும் அவரின்ரதான்."

மறுநாள் காருக்குள் நண்பர் தன் பங்குக்குச் சொன்னார்: "பொலிஸும் இல்லை, காணியும் இல்லை. உங்கட மாகாண சபையை வெக்ஸ்போர்ட்டுக்கும் கொண்டுவந்திட்டியள், காக்கா."

இருவருமாக மனேஜரிடம் போனோம். நான் மெதுவாகப் பேசினேன், அவள் கடுமையாகப் பேசினாள். இதைத் திட்டமிட்டுச் செய்தோம் என்று பின்னர் எல்லோரும் பாராட்டினார்கள். திட்டமெல்லாம் இல்லை, இருவருக்கும் வருவது அதுதான். ஆனால் திறப்பு விஷயத்தில் அவர் அசையவில்லை. மாடிப் பிரதிநிதிகள் கூட்டத்தில் சோர்வு படிந்தது. எதிர்க்கட்சியும் கேள்வி கேட்கவில்லை.

என் கையைப் பிடித்து உயர்த்திய நாளுக்குப் பிறகு அந்தக் கூட்டங்களில் வாயே திறக்காத என் மனைவி, பின்னாலிருந்து சொன்னாள்: "திறப்பை அந்தத் தம்பியே வச்சிருக்கட்டும். நாங்கள் போய்க் கேப்பம்."

"கேட்டு?"

"கேட்டுக்கொண்டே இருப்பம்."

அப்படியே செய்தோம். மன்னார் அன்ரி செபமாலைக்காகத் தினமும் பின்னேரம் போய் மிகுந்த பணிவோடு திறப்புக் கேட்டார். ஒவ்வொரு முறையும் மனேஜருக்காகவும் செபிப்பதாகச் சொன்னார். பிலிப்பினோக்காரர்கள் பாட்டுப் பழகக் கேட்டார்கள். என் மனைவி முதல் நாள் மறந்துவிட்டு வந்த கரண்டியை எடுக்கக் கேட்டாள். அடுத்த நாள் அந்தக் கரண்டியின் மூடியை. கரண்டிக்கு ஏது மூடி என்று அவர் கேட்கவில்லை. அவர் அதைக் கடந்த நிலையில் இருந்தார். நண்பர் போய், தான் எதிர்க்கட்சி என்றும் தனக்குத் தனியாகத் திறப்பு வேண்டும் என்றும் கேட்டார். எவரும் குரலை உயர்த்தவில்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு, நன்றி சொல்லிக்கொண்டு, ஓயாமல் போனோம்.

குளிர்காலம் பாதி கழிவதற்குள் மனேஜர் எங்கள் இருவரையும் அழைத்து, இரண்டு திறப்புகளை மேசையில் வைத்தார். அறையைச் சுத்தமாக வைத்திருப்பதும், யார் எப்போது பாவிப்பது என்று முடிவெடுப்பதும் எங்கள் பொறுப்பு. கொம்பனியிடம் தான் பேசிவிட்டதாகச் சொன்னார். குரலில் விடுதலை தெரிந்தது. அவருக்கும் கிடைத்ததுதான்.

சந்தோசத்தைக் கொண்டாட என் இணைத்தலைவிக்கு மனம் இருக்கவில்லை. ஊரிலிருந்து வந்த செய்திகள் கெட்டுப்போய்க்கொண்டிருந்தன. டமாஸ்கஸோடு ஒப்பந்தம் என்றார்கள், பிறகு சண்டை என்றார்கள், பிறகு திரும்பவும் ஒப்பந்தம். இவ்வளவு வருடமும் தெருத் தெருவாகக் கட்டியதில் எது மிஞ்சும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கூட்டத்தின் நடுவிலும் தொலைபேசியைக் குனிந்து பார்த்தபடியே இருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் போர் முடிந்த வருடம் ஸ்காபரோ முழுவதும் நாங்கள் அப்படித்தான் குனிந்திருந்தோம். என் மனைவி மேலே போய்ச் சோற்றையும் பருப்பையும் வைத்துவிட்டு வருவாள்.

நண்பர் அந்தக் கிழமைகளில் கேள்வி கேட்பதை நிறுத்தினார். நகர மத்தியில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு அவளோடு போய், அவள் பக்கத்துக் கொடியைக் கடுங்குளிருக்குள் பிடித்துக்கொண்டு நின்றார். காரில் நான் அதைப் பற்றிக் கேட்டேன்.

"அவையின்ர முறை விசர் முறை எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன்," என்றார். "இப்பவும் சொல்லுவன். ஆனா அதைச் சொல்லுற உரிமை எனக்கு மட்டும்தான்."

வசந்தம் பிறக்கும் நாளில் அவர்களுக்கு நவ்ரோஸ், புத்தாண்டு. அறையை முதலில் அதற்கே கொடுப்பதென்று மாடிகள் ஒருமனதாக முடிவெடுத்தன. உடனே ஒரு சிக்கல். சூரியன் போட்ட அவருடைய கொடியா, அவளுடைய பக்கத்துக் கொடியா? இரண்டையும் கட்டுவோம் என்று இருவரும் அபூர்வமாக ஒத்துப்போனார்கள். ஆனால் அறைக்குள் எந்தக் கொடியும், எந்தத் தலைவர் படமும் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதைக் கொண்டுவந்தவளே அவள்தான். எங்கள் தமிழாக்களை மனதில் வைத்துக் கொண்டுவந்தது. எதிர்க்கட்சி விதிவிலக்குக் கேட்டுப் பிரேரணை வைத்தது. தோற்றது. அவளும் எதிராகத்தான் வாக்களித்தாள். "விதி விதிதான்," என்றாள், முகம் சிவந்துபோய்.

கொண்டாட்டத்தன்று அவள் தன் கொடியின் நிறங்களில், பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக மினுங்கும் நீளப் பாவாடையோடு வந்து நின்றாள். உடுப்புக்கு விதி இருக்கவில்லை. பின்புறம் பனி முற்றாகக் கரையாத நிலத்தில், மனேஜரின் அனுமதியோடு, இறைச்சி வாட்டும் அடுப்பில் சின்னதாக ஒரு நெருப்பு. அதைச் சுற்றி நின்றுவிட்டு உள்ளே வந்து, சின்னவிரலோடு சின்னவிரல் கோத்து வரிசையாக ஆடினோம். எனக்கு ஒரு பக்கம் மனேஜர், மறுபக்கம் மன்னார் அன்ரி. என் மனைவி பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸ் முதலில் முடிந்தது. தோள்கள் எல்லாம் ஒன்றாக ஏறி இறங்கும் அந்த ஆட்டத்தில் ஒருவர் மட்டும் தப்பாக ஆட முடியாது. வரிசை இழுத்துக்கொண்டு போய்விடும். நண்பர் முன்னுக்கு நின்று ஒரு கைலேஞ்சித் துணியைச் சுழற்றினார். அவள் அழுதாளா சிரித்தாளா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

இணைத்தலைவர் பதவி எங்களுக்கு ஒரு வருடம்தான். இந்த முறை தேர்தலில் என் மனைவியும் நண்பரும் தெரிவானார்கள். நேற்றுப் பின்னேரம் இருவரும் எங்கள் வீட்டு மேசையில் பார்ட்டி ரூம் கதிரைகளைப் பழுதுபார்ப்பது பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு முடிவைச் சொல்வார். அவள் "அது நடக்காது அண்ணை," என்பாள். அவர் வேறொன்றைச் சொல்வார்.

பதவியிழந்த நானும் நண்பரின் மனைவியும் குசினிக்குள் தேநீர் போட்டோம். அப்போது ஊரிலிருந்து அவளுடைய அக்கா அனுப்பிய குரல்செய்தி வந்தது. இரைச்சலும் பெண்களின் குரலுமாக நீளமாக ஓடியது. ஒரு இடத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"தெருக் கூட்டம் இன்னும் நடக்குதாம். இப்ப அதுக்கு என்ன பேர், ஆருக்குக் கீழ எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். பேக்கரிக்காரர் டீசல் கணக்குக் கேட்டு அக்காவோட சண்டையாம்."

"அவர் இப்பவும் இணைத்தலைவரோ?"

"ஓம். அக்காதான் மற்றது."

செய்தியைத் திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். நான் தேநீரை வடித்து, இரண்டு குவளைகளை உள்ளே மேசைக்குக் கொண்டுபோனேன்.